வாடகை சேர்வரில் பைல் வைக்கப் போகிறீர்களா? முதலில் ஒரு தாளை எடுங்கள்

சென்ற வாரம் பின்னேரம் கிராண்ட்பாஸில் டயர் வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் கடைக்கு வந்தார். பிளேன்டீ குடித்துக் கொண்டே, "நானா, எங்கட பைல் எல்லாத்தையும் சேர்வர் ஒண்டில போடப் போறன். 500 ஜீபி எடுத்தாப் போதுமா, ஒரேயடியா 1000 எடுக்கவா?" என்று கேட்டார். மொத்தமாக எடுத்தால் விலை குறையும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நம்மவர்களுக்கு அந்த வார்த்தையைக் கேட்டால் போதும், கை தானாகப் பொக்கெட்டுக்குள் போய்விடும்.

நான் கம்பியூட்டர் படித்தவன் அல்லன். சாதாரண தரத்தோடு கடைக்கு வந்தவன். ஆனால் இந்த விடயத்தில் ஒரு முறை அடிபட்டிருக்கிறேன். அந்த அடியின் கதையைச் சொன்னால் மற்ற வியாபாரிகளுக்கும் உதவும் என்பதால் இந்த வாரம் இதையே எழுதுகிறேன்.

எனக்குப் புறக்கோட்டையில் ஹார்ட்வெயார் மொத்தக் கடை, வத்தளையில் களஞ்சியம், கண்டியில் ஒரு கிளை. இன்வொயிஸ் பிரதி, சுங்கப் பத்திரங்கள், விலைப்பட்டியல், செக் படங்கள், சாமான்களின் போட்டோ எல்லாம் மூன்று இடத்திலும் வேண்டும். முன்பு பென் டிரைவும் வட்ஸ்அப்பும்தான். ஒரே விலைப்பட்டியலில் நான்கு விதமான பிரதிகள் சுற்றின. கண்டிக்காரன் பழைய விலைக்கு வயர் விற்றான். பிறகு கடைக்கு வந்து போகும் ஒரு தம்பி வெளிநாட்டுக் கொம்பனி ஒன்றில் 200 ஜீபியுடன் வேர்ச்சுவல் சேர்வர் ஒன்று எடுத்துத் தந்தார். எல்லாக் கம்பியூட்டரிலும் 'இஸட்' என்று ஒரு டிரைவ் வந்தது. அதில் போட்டால் மூன்று இடத்திலும் தெரியும். மாதா மாதம் கார்டில் டொலர் போகும். ஒரு வருடம் ஒரு தொல்லையும் இல்லை.

2025 ஜனவரி 20, திங்கட்கிழமை. டிசம்பர் மாதத்து வற் கட்ட வேண்டிய கடைசி நாள். காலை எட்டரைக்குக் காசாளர் பையன் ஓடி வந்தான். "நானா, இஸட் வேலை செய்யுதில்ல. பைல் ஒண்டும் திறபடுதில்ல." கண்டிக்கு அடித்தால் அங்கேயும் அதே கதை. களஞ்சியத்தில் ஞாயிற்றுக்கிழமை திருத்திச் சேமித்த ஸ்டொக் பட்டியல் பூச்சியம் கேபி என்று கிடந்தது. பெயர் இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை.

காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். வெள்ளிக்கிழமை மாலை களஞ்சியப் பொறுப்பாளர், கெமரா பதிவு திருடு போகாமல் இருக்கட்டும் என்று நல்ல எண்ணத்தில் இரண்டு கெமராக்களின் பதிவையும் 'இஸட்'டுக்குத் திருப்பி விட்டிருக்கிறார். ஒரு கெமரா செக்கனுக்கு 2 மெகாபிட் அனுப்பினால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 21.6 ஜீபி. இரண்டுக்கும் 43 ஜீபி. மிச்சம் இருந்த இடம் 60 ஜீபிதான். ஞாயிறு விடிவதற்குள் சேர்வர் வயிறு நிரம்பிவிட்டது. சேர்வரை இயக்கும் மென்பொருளும் எங்கள் பைல்களும் ஒரே டிஸ்க்கில் இருந்ததால், பைல் மட்டுமல்ல, சேர்வரே மூச்சு விடாமல் போய்விட்டது.

சரி, உள்ளே போய் அந்தப் பதிவுகளை அழித்தால் போதும். யார் உள்ளே போவது? கணக்கு அந்தத் தம்பியின் பெயரில், அவருடைய ஈமெயிலில் இருந்தது. தம்பி கட்டாருக்கு வேலைக்குப் போய் மூன்று மாதம். அவர் டியூட்டி முடிந்து போனை எடுக்கும்போது எங்கள் நேரம் மாலை ஐந்து. அதற்குள் கணக்காளர் ஒரு மதிப்பீட்டுத் தொகையைப் போட்டு வற் கட்டிவிட்டார். குறைந்த தொகையைப் பிறகு தண்டப்பணத்தோடு கட்டினேன்.

எங்கே பிழை? 200 ஜீபி குறைவு என்பதல்ல. 2000 ஜீபி எடுத்திருந்தாலும் அந்தக் கெமராக்கள் ஒன்றரை மாதத்தில் நிரப்பியிருக்கும். எடுப்பதற்கு முன் யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை என்பதுதான் பிழை. களஞ்சியம் வாடகைக்கு எடுக்கும்போது என்ன சாமான் வரும், எத்தனை லொறி வரும், சாவி யார் கையில், தீப்பிடித்தால் என்ன செய்வது என்று எத்தனை கேள்வி கேட்கிறோம்! சேர்வர் எடுக்கும்போது மட்டும் 'எத்தனை ஜீபி?' என்ற ஒரே கேள்வி.

வேர்ச்சுவல் சேர்வர் என்றால் என்ன என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். எங்கோ ஓரிடத்தில் ஒரு பெரிய இயந்திரம். அதை மென்பொருளால் பலகை அடித்துப் பல கடைகளாகப் பிரித்து வாடகைக்கு விடுகிறார்கள். உங்களுக்குத் தனிக்கதவு, தனிச்சாவி. ஆனால் சுவரும் கூரையும் எல்லோருக்கும் பொது. சில இடங்களில் 500 ஜீபி என்று எழுதித் தந்தாலும், நீங்கள் பாவிக்கும் அளவுக்குத்தான் உண்மையான டிஸ்க் ஒதுக்குவார்கள். அரிசிக் கடைக்காரர் களஞ்சியத்தில் உள்ள மூட்டையை விட அதிகமாக முற்பணம் வாங்குவது போல. எல்லோரும் ஒரே நாளில் மூட்டை கேட்காத வரைக்கும் ஓடும். உங்கள் ஒபீஸிலேயே சேர்வர் வைத்து அதைப் பிரித்துப் பாவிப்பவர்கள் இதை மிகக் கவனிக்க வேண்டும். பிரித்துக் கொடுத்த கணக்கின் கூட்டுத்தொகை உண்மையான டிஸ்க்கைத் தாண்டிவிட்டால், ஒருவருடைய கெமரா எல்லோரையும் நிறுத்திவிடும்.

அந்த அடிக்குப் பிறகு நான் எடுத்த முதல் வேலை தாளும் பேனையும்தான். மூன்று இடத்துக் கம்பியூட்டர்களிலும் உள்ள பைல்களைக் கூட்டினால் 412 ஜீபி வந்தது. ஒரே போட்டோ ஆறு இடத்தில், பழைய பையன்மாரின் சினிமாப் படம், எவருக்கும் தேவையில்லாத மென்பொருள். எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் 140 ஜீபி.

அடுத்தது வருடத்துக்கு எவ்வளவு கூடுகிறது என்ற கணக்கு. இங்கேதான் எனக்குக் கண் திறந்தது. நாளொன்றுக்கு 80 இன்வொயிஸ், மாதத்துக்கு 26 நாள் என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய 25,000 தாள். எங்கள் ஸ்கேனர் 600 டிபிஐயில் கலரில் ஓடிக் கொண்டிருந்தது. ஒரு தாள் 8 எம்பி. அப்படியென்றால் வருடத்துக்கு 200 ஜீபி! இன்வொயிஸுக்கு எதற்குக் கலர்? 200 டிபிஐ, கறுப்பு வெள்ளை என்று மாற்றினோம். ஒரு தாள் 0.4 எம்பிக்கு வந்தது. வருடத்துக்கு 10 ஜீபி. எழுத்தும் இலக்கமும் தெளிவாகத் தெரிகிறது. ஸ்கேனரில் இரண்டு பொத்தானை அழுத்தியதில் வருடத்துக்கு 190 ஜீபி வாடகை மிச்சம்.

சுங்கப் பத்திரமும் வங்கிக் கடிதமும் 5 ஜீபி, சாமான் போட்டோ 20 ஜீபி என்று போட்டால் வருடத்துக்குக் கூடுவது 35. ஆக 140 உடன் 35 சேர்த்து 175. டிஸ்க்கில் ஐந்தில் ஒரு பங்கு எப்போதும் காலியாக இருக்க வேண்டும் என்பது என் புதிய சட்டம். அப்படிப் பார்த்தால் 220 ஜீபி. பழைய 200க்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, பார்த்தீர்களா?

மூன்று வருடத்துக்குச் சேர்த்து எடுத்தால் என்ன என்று நண்பர் கேட்டார். சாமான் என்றால் நானும் எடுப்பேன், விலை ஏறும். டிஸ்க் அப்படியல்ல. வாடகை டிஸ்க்கைப் பெரிதாக்குவது இலகு, பெரும்பாலான இடங்களில் சில நிமிட வேலை. சிறிதாக்குவதுதான் கஷ்டம். பல கொம்பனிகள் சிறிதாக்கவே விடுவதில்லை. புதிதாக ஒன்று எடுத்து எல்லாவற்றையும் இடம் மாற்ற வேண்டும். அதுவரைக்கும் காலி இடத்துக்கு மாதா மாதம் டொலரில் வாடகை. 2022இன் ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதமளவில் 360 வரை போனது நினைவிருக்கும். மாதம் 20 டொலர் பில் 4,000 ரூபாவிலிருந்து 7,000ஐத் தாண்டியது. சாமான் விலையையாவது கூட்டலாம். இந்தச் செலவை எந்த வாடிக்கையாளரின் தலையில் போடுவது? எனவே ஒரு வருடத்துக்கு மட்டும் எடுங்கள். 80 வீதம் நிரம்பியதும் உங்கள் போனுக்குத் தகவல் வரும்படி செய்து கொள்ளுங்கள்.

பைலுக்குத் தனி டிஸ்க் எடுங்கள் என்பதை இரண்டு முறை சொல்ல வேண்டும். சேர்வரின் மென்பொருள் ஒரு சிறிய டிஸ்க்கில் இருக்கட்டும். உங்கள் பைல்கள் தனியாக வாடகைக்கு எடுத்த இன்னொரு டிஸ்க்கில் இருக்கட்டும். பைல் டிஸ்க் நிரம்பினாலும் சேர்வர் நிற்காது, உள்ளே போய்த் துப்புரவு செய்யலாம். சேர்வர் பழுதானால் அந்த டிஸ்க்கைக் கழற்றிப் புதிய சேர்வரில் பூட்டலாம். அதோடு ஒவ்வொரு பகுதிக்கும் உச்ச அளவு போடலாம். களஞ்சியத்துக்கு 40 ஜீபி என்று போட்டிருந்தால் அந்தக் கெமரா 40 ஜீபியில் தானாக நின்றிருக்கும், கடை ஓடியிருக்கும்.

இனித் தூரம். எங்கள் சேர்வர் சிங்கப்பூரில். ஒரு செய்தி போய்த் திரும்ப 50 மில்லி செக்கன் என்று வையுங்கள். ஒரு பெரிய போட்டோவைத் திறக்க அது ஒன்றும் பெரிதல்ல. ஆனால் கணக்கு மென்பொருளின் பைலை அங்கே வைத்து இங்கிருந்து திறந்தால், அது ஆயிரம் சின்னக் கேள்வி கேட்கும். ஆயிரம் தடவை 50 மில்லி செக்கன் என்றால் 50 செக்கன். ஒரு பில் அடிக்க ஒரு நிமிடம் என்றால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். எனவே கணக்கு மென்பொருளைப் பைல் டிரைவில் போடாதீர்கள். மென்பொருள் ஓடும் இடத்திலேயே அதன் தரவும் இருக்கட்டும். பிரதியை மட்டும் இரவில் அனுப்புங்கள்.

ஏற்றும் வேகத்தையும் கேளுங்கள். விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் இறக்கும் வேகம். ஏற்றும் வேகம் 10 மெகாபிட் என்றால் 300 ஜீபியை அனுப்ப 66 மணித்தியாலத்துக்கு மேல், ஏறக்குறைய மூன்று நாள். கடை மூடியிருக்கும் நீண்ட விடுமுறை ஒன்றில் அந்த வேலையைச் செய்யுங்கள். சேர்வர் விழுந்தால் திருப்பி இறக்கவும் நேரம் போகும் என்பதையும் தாளில் குறித்துக் கொள்ளுங்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். சிங்கப்பூரில் சேர்வர் ஜோராக ஓடியிருக்கும், நம்மிடம் அதைப் பார்க்க வெளிச்சம் இல்லை! அன்றாடம் தேவையான விலைப்பட்டியலும் கடன் பட்டியலும் ஒரு லெப்டொப்பிலும் இருக்க வேண்டும்.

பிரதி விடயத்துக்கு வருகிறேன். பணம் செலவழிய வேண்டிய இடம் இதுதான். டிஸ்க் வாடகைக்குச் செலவழிக்கத் தயாராக இருப்பவர்கள் பிரதிக்கு என்றால் முகம் சுளிக்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். 'ஸ்னெப்ஷொட் எடுக்கிறோம்' என்று தம்பி சொன்னதைக் கேட்டு நிம்மதியாகத் தூங்கினேன். ஸ்னெப்ஷொட் என்பது சேர்வரை அந்த நேரத்தில் பிடித்து வைத்த படம். பையன் ஒரு பைலை அழித்துவிட்டால் திருப்பி எடுக்க நல்லது. (நெட்வேர்க் டிரைவில் அழித்த பைல் பொதுவாக உங்கள் கம்பியூட்டரின் குப்பைத் தொட்டிக்கு வராது, தெரியுமா?) ஆனால் அந்தப் படமும் பெரும்பாலும் அதே கொம்பனியில், அதே கணக்கில், சில வேளை அதே கட்டிடத்தில் இருக்கிறது. களஞ்சியச் சாமான் பட்டியலைக் களஞ்சியத்துக்குள்ளேயே பூட்டி வைப்பது போல.

2021 மார்ச் 10ஆம் திகதி பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் என்ற பெரிய சேர்வர் கொம்பனியின் ஐந்து மாடிக் கட்டிடம் எரிந்து போனது. பிரதியையும் அங்கேயே வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தார்கள். நம் நாட்டில் 2023 ஆகஸ்டில் அரசாங்கத்தின் கிளவுட் சேவையைக் கப்பம் கேட்கும் வைரஸ் தாக்கியது. சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தரவுக்குப் பிரதி இல்லாமல் போனது. 2025 செப்டெம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜோன் நகரில் அரச தரவு நிலையத்தில் பட்டரி தீப்பிடித்தது. அரச ஊழியர்களுக்கு ஆளுக்கு 30 ஜீபி என்று கொடுத்து, வேலைப் பைல்களை அதில்தான் வைக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்த சேமிப்பு மொத்தமாக அழிந்தது. 858 டெராபைட். அளவு மிகப் பெரிது என்பதால் வெளியே பிரதி எடுக்கவில்லை என்றார்கள். ஆளுக்கு எத்தனை ஜீபி என்று கணக்குப் போட்டவர்கள், பிரதிக்கு எவ்வளவு வேண்டும் என்ற கணக்கைப் போடவில்லை.

இப்போது நான் செய்வது இது. சேர்வரில் 220 ஜீபி. வேறொரு கொம்பனியில், வேறு நாட்டில், மலிவான சேமிப்பில் தினமும் இரவு பிரதி. மாறியதை மட்டும் அனுப்புவதால் 30 நாள் பிரதிக்கும் ஏறக்குறைய 300 ஜீபி போதுமாக இருக்கிறது. அந்தப் பிரதிக்கு வேறு பாஸ்வேர்ட். கடையில் உள்ள எந்தக் கம்பியூட்டரிலும் அது இல்லை. ஏனென்றால் கப்பம் கேட்கும் வைரஸ் ஒரு கம்பியூட்டருக்குள் வந்தால் 'இஸட்'டையும் சேர்த்துத்தான் பூட்டும். பிரதிக்கும் வழி தெரிந்தால் அதையும் விடாது. மூன்றாவதாக, வாரம் ஒரு தடவை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வீட்டு அலுமாரியில் வைக்கிறேன். எடுத்து முடிந்ததும் கழற்றிவிட வேண்டும், செருகியபடி விட்டால் பயனில்லை. மாதத்தில் ஒரு நாள் ஏதாவது ஒரு பழைய இன்வொயிஸைப் பிரதியிலிருந்து திருப்பி எடுத்துப் பார்க்கிறோம். முதல் மாதமே ஒரு போல்டர் முழுக்க விடுபட்டிருந்தது தெரிய வந்தது.

பாதுகாப்பில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. வின்டோஸ் பைல் பகிர்வை இன்டர்நெட்டுக்கு நேரடியாகத் திறந்து விடாதீர்கள். 2017 மே மாதம் உலகமெங்கும் பரவி, இங்கிலாந்தின் அரச ஆஸ்பத்திரிகளையும் முடக்கிய வொன்னாக்ரை வைரஸ் அந்த வழியாகத்தான் புகுந்தது. வீபீஎன் என்ற பூட்டிய பாதை வழியாக மட்டும் வரச் செய்ய வேண்டும். செய்து தருபவரிடம் "445ஆம் இலக்கக் கதவு வெளியில திறந்திருக்கா?" என்று கேளுங்கள். திறந்திருக்கிறது என்றால், அல்லது கேள்வி விளங்கவில்லை என்றால், வேறு ஆளைப் பாருங்கள்.

யார் எதைப் பார்க்கலாம் என்பதையும் முதலிலேயே பிரியுங்கள். கவுன்டர் பையனுக்கு விற்பனை விலை தெரிந்தால் போதும், கொள்விலை தேவையில்லை. பார்ப்பதற்கு ஒரு அனுமதி, அழிப்பதற்கு வேறு அனுமதி. வாடிக்கையாளரின் அடையாள அட்டைப் பிரதிகளைத் தனி போல்டரில் பூட்டி வையுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது.

கணக்கு கொம்பனியின் பெயரில், கொம்பனியின் ஈமெயிலில் இருக்க வேண்டும். பாஸ்வேர்டை எழுதி உறையிலிட்டு, உறுதிகளோடு வையுங்கள். கார்ட் காலாவதியாகும் மாதத்தைக் கலண்டரில் குறியுங்கள். பணம் போகாவிட்டால் முதலில் நிறுத்துவார்கள், பிறகு அழித்தே விடுவார்கள். கட்டாருக்குப் போன தம்பியை நான் குறை சொல்லவில்லை. அவர் பெயரில் எடுக்கச் சொன்னவனே நான்தான், கார்ட் நம்பர் கேட்க வேண்டாம் என்று.

ஒரே கடை, இரண்டு கம்பியூட்டர் என்றால் உங்களுக்கு இந்த சேர்வரே வேண்டியதில்லை. ஒபீஸில் இரட்டை டிஸ்க் போட்ட ஒரு சின்னப் பெட்டியும் வெளியில் ஒரு பிரதியும் போதும். இரட்டை டிஸ்க்கைப் பிரதி என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அழியும்.

கிராண்ட்பாஸ் நண்பருக்கு இதையெல்லாம் சொல்லி, ஒரு தாளில் ஐந்து கேள்வி எழுதிக் கொடுத்தேன். இப்போது எவ்வளவு இருக்கிறது, வருடத்துக்கு எவ்வளவு கூடும், எத்தனை நாள் வேலை அழிந்தால் தாங்குவீர்கள், எவ்வளவு நேரம் மூடியிருக்கலாம், சாவி யாரிடம். இரண்டு நாளில் நிரப்பிக் கொண்டு வந்தார். நான்காவதில் 'ஐந்து நிமிடம்' என்று எழுதியிருந்தார். அதற்கு எப்போதும் இரண்டு சேர்வர் ஓட வேண்டும், செலவு ஏறக்குறைய இரட்டிப்பு என்றேன். பொக்கெட்டிலிருந்து பேனையை எடுத்து அதை வெட்டி, 'அரை நாள்' என்று எழுதினார். மூன்றாவதை மட்டும் இன்னும் வெறுமையாக வைத்திருக்கிறார், மகனிடம் கேட்டுச் சொல்கிறாராம்.